மணிக்கட்டில் ஒரு படகு

சைக்கிள் சறுக்கியது. விழும்போது என்ன செய்ய வேண்டும் என்று உடம்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகத்தைக் காப்பாற்ற வலது கை தானாக முன்னால் நீண்டு தரையில் ஊன்றியது. எழுந்து தூசியைத் தட்டினேன். முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் வலி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போது எனக்கு 34 வயது. பள்ளியில் உயிரியல் எடுக்க ஆரம்பித்து 11 வருடம் ஆகியிருந்தது.

அன்று மாலையே எக்ஸ்ரே எடுத்தார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. "எலும்பு எதுவும் உடையல சார், சுளுக்குதான்" என்றார் பணியில் இருந்த மருத்துவர். கிரேப் பேண்டேஜ் சுற்றி, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். நானும் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எலும்புகள் வெள்ளையாக, முழுசாகத் தெரிந்தன. நிம்மதியாக இருந்தது. பத்து நாளில் வீக்கம் வடிந்தது, பேண்டேஜைக் கழற்றி வைத்தேன்.

வலி மட்டும் போகவில்லை. எப்போதும் வலித்திருந்தால் உடனே ஓடியிருப்பேன். இது அப்படி இல்லை. பூட்டில் சாவியைத் திருப்பும்போது சுரீரென்றது. நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தால் வலித்தது. இறுகிய மூடியைத் திறக்க முடியவில்லை. கரும்பலகையின் மேல் வரியில் எழுதும்போது பெருவிரலின் அடியில் ஓர் ஊமைவலி. சுளுக்கு என்றால் நாளாகத்தான் செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஏழு மாதத்தை ஓட்டிவிட்டேன்.

ஏழாவது மாதம் வேறு ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் கை அறுவை சிகிச்சையில் தேர்ந்தவர். படத்தைக் கேட்கவில்லை, முதலில் கையைக் கேட்டார். "பெருவிரலை நல்லா விரிச்சு மேல தூக்குங்க" என்றார். அப்படித் தூக்கினால் பெருவிரலுக்குப் போகும் தசைநாண்கள் இரண்டு பக்கமும் கயிறுபோல் எழும்பி, நடுவே மணிக்கட்டில் ஒரு சிறு குழி விழும். முன்பெல்லாம் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சுவார்களாம். அதனால் மூக்குப்பொடிக் குழி என்றே அதற்குப் பெயர். தன் விரல் நுனியை அந்தக் குழிக்குள் வைத்து அழுத்தினார். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"விழுந்த அன்னைக்கு இங்க யாராவது அழுத்திப் பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. அந்தக் குழியின் தரையில் என்ன எலும்பு இருக்கிறது என்று தேர்வுத்தாளில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன்.

அது படகெலும்பு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று பிறைபோல் இருக்கும், ஒன்று பட்டாணிபோல் இருக்கும். ஒன்றுக்குக் கொக்கிபோல் ஒரு நீட்டம் உண்டு. பெருவிரல் பக்கம் இருப்பது படகைப்போல் வளைந்தது. மருத்துவர்கள் ஸ்கேஃபாய்டு என்பார்கள். முந்திரிப் பருப்பின் வடிவம் என்று சொன்னால் இன்னும் பொருந்தும். மற்ற ஏழும் ஏதாவது ஒரு வரிசையில் அடங்கிவிட, இது மட்டும் இரண்டு வரிசைக்கும் குறுக்கே பாலமாகப் படுத்திருக்கிறது. அதனால்தான் விரித்த கையை ஊன்றி விழும்போது, தரையிலிருந்து மேலேறும் விசை இந்தப் பாலத்தின் இடுப்பில், அதாவது ஒடுங்கிய நடுப்பகுதியில், போய் முறிக்கிறது. மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான்.

மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்த முறை கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைத்து எடுத்தார்கள். படகெலும்பு மணிக்கட்டுக்குள் சாய்வாகக் கிடப்பதால், நேராக எடுத்த படத்தில் அது குறுகித் தெரியும், இடுப்புப் பகுதி மறைந்துபோகும். கையைச் சாய்த்தால் எலும்பு நீளவாக்கில் விரியும். விரிந்தது. நடுவில் ஒரு கறுப்புக் கோடு. முடியளவு மெல்லிய விரிசல் இல்லை, அகலமான இடைவெளி. இரண்டு துண்டுகளின் ஓரமும் மழுங்கி, நடுவில் சிறு பள்ளமும் விழுந்திருந்தது.

"இது புது முறிவு இல்ல சார். ஏழு மாசமா கூடாமலே இருந்திருக்கு" என்றார்.

எலும்பு முறிந்து சேர்வதை நாம் 'கூடுவது' என்கிறோம். எலும்புக்கூடு என்பதில் இருக்கும் கூடு வேறு. அது வெற்றுக்கூடு, உயிர் போன பிறகு மிஞ்சிக் கிடப்பது. 11 வருடமும் நான் நடத்தியது அந்தக் கூட்டைப் பற்றித்தான். ஆய்வுக்கூடத்தின் மூலையில் கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வகுப்புக்குக் கொண்டுவருவேன். 206 எலும்புகள். மண்டையோடு, முதுகெலும்பு, விலா என்று உடலின் நடு அச்சில் 80. கைகால்களிலும் அவற்றை உடலோடு சேர்க்கும் இடங்களிலும் 126. மிக நீளமானது தொடையெலும்பு. மிகச் சிறியது காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு, 3 மில்லிமீட்டர் அளவு. ஒரு கையில் மணிக்கட்டு, உள்ளங்கை, விரல் என மொத்தம் 27, ஒரு பாதத்தில் 26. இரண்டு கை இரண்டு பாதத்தைக் கூட்டினால் 106, அதாவது உடம்பிலுள்ள எலும்புகளில் பாதிக்கு மேல். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், நானும் மதிப்பெண் போடுவேன். எங்கள் பள்ளிக் கூட்டில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டிருக்கும். அதை ஒரு குறையாக நான் எண்ணியதே இல்லை.

படகெலும்பு ஏன் கூடாமல் போகிறது என்பதற்கு மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அதுதான் என் பாடத்தையே மாற்றியது.

எலும்புக்குள் ரத்தம் ஓடுகிறது. கெட்டியான மேலோட்டுக்குள்ளும் மெல்லிய கால்வாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. இங்கிலாந்து மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் 1691-இல் எலும்பைப் பற்றி எழுதிய நூலை வைத்து அவற்றுக்கு ஹேவர்ஸ் கால்வாய் என்று பெயர். ஒவ்வொரு கால்வாயிலும் ரத்தக்குழாய் உண்டு. அதைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையம்போல் அடுக்கடுக்காக எலும்பு. அடுக்குகளுக்கு நடுவே குட்டிக் குட்டிக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் ஓர் உயிரணு. பெரும்பாலான எலும்புகளுக்குப் பல வாசல்கள் வழியாக ரத்தம் வரும், ஒரு வாசல் அடைத்தால் இன்னொன்று கைகொடுக்கும். படகெலும்புக்கு அந்த வசதி குறைவு. அதன் மேற்பரப்பில் பெரும்பகுதி பக்கத்து எலும்புகளோடு உரசும் மூட்டு என்பதால் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. குருத்தெலும்பு வழியாக ரத்தக்குழாய் நுழைய முடியாது. மிச்சமிருக்கும் சிறு இடத்தில், அதுவும் விரல்கள் இருக்கும் பக்கமாக நுழைந்து, முழங்கை இருக்கும் திசை நோக்கிப் பின்னால் திரும்பிப் போகிறது முக்கியமான குழாய். உடம்பில் ரத்தம் வழக்கமாகப் போகும் போக்குக்கு இது எதிர்த்திசை. எலும்பு இடுப்பில் முறிந்தால், முழங்கைப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடக்கும்.

முறிவு கூடுவதற்கு முதல் தேவை முறிந்த இடத்தில் உறையும் ரத்தம். மற்ற எலும்புகளில் அந்த ரத்தக்கட்டிக்குள் புதுக் குழாய்கள் முளைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் நார்ப்பொருளும் குருத்தெலும்பும் சேர்ந்து முறிவைச் சுற்றி ஒரு மெத்தென்ற பந்தனம் போடும். பிறகு அதில் தாது ஏறி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கெட்டிப்படும். அதன்பின் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், மிகையாகப் படிந்ததைச் செதுக்கிச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை நடக்கும். படகெலும்பு மூட்டு நீரில் நனைந்தபடி கிடப்பதால் ரத்தம் அங்கே கட்டியாக நிற்பது கடினம். குருத்தெலும்பு போர்த்திய பக்கங்களில், மற்ற எலும்புகளைப் போர்த்தியிருக்கும் எலும்புறை என்ற சவ்வும் கிடையாது. வெளிப்பந்தனம் போட ஆளில்லை என்று பொருள். துண்டுகள் அசையாமல், நெருக்கமாக ஒட்டிக் கிடந்தால் நேரடியாகச் சேரும். நான் அதை வைத்துக்கொண்டு ஏழு மாதம் சாவி திருப்பியிருக்கிறேன், பை தூக்கியிருக்கிறேன், கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

முதல் நாள் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது அபூர்வம் அல்ல. அதற்கும் காரணம் எலும்பு உயிரோடு இருப்பதுதான். எக்ஸ்ரே காட்டுவது எலும்பின் தாதுவை. உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கால்சியம் பாஸ்பேட் படிகம்தான்; மீதி பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார். மெல்லிய விரிசல் விழுந்த அன்று தாது அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் எலும்பைக் கரைக்கும் செல்களான ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் முறிவின் ஓரங்களுக்கு வந்து, சேதமான பகுதியை அமிலம் விட்டுக் கரைத்து அப்புறப்படுத்துகின்றன. பத்து முதல் பதினான்கு நாளில் கோடு அகலமாகி, படத்தில் விழும் அளவுக்கு வருகிறது. அதனால்தான் 'முதல் படம் சுத்தம், ஆனால் குழியில் வலி' என்றால் முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு பெருவிரலோடு சேர்த்துக் கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடம் எடுப்பது வழக்கம். வசதி இருக்கும் இடங்களில் சில நாட்களுக்குள்ளேயே எம்ஆர்ஐ எடுத்துத் தீர்மானித்துவிடுகிறார்கள். எனக்கு மறுபடத்துக்குத் தேதி கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

யாராவது கை ஊன்றி விழுந்தால் நான் இப்போது மூன்று இடம் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று, அந்தக் குழி. இரண்டு, உள்ளங்கைப் பக்கம், பெருவிரல் மேட்டின் அடியில் மணிக்கட்டு ரேகையை ஒட்டித் தட்டுப்படும் சிறு எலும்பு முடிச்சு. மூன்று, பெருவிரலை நீட்டி, அதன் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி மெதுவாக உள்ளே தள்ளுவது. மூன்றில் எதில் வலித்தாலும் 'படகெலும்பைப் பார்ப்பதற்கான படம் எடுத்தீர்களா' என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். நல்ல மருத்துவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "புகை பிடிப்பீங்களா?" இல்லை என்றேன். பிடித்தால் நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருப்பாராம். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஏற்கெனவே பட்டினி கிடக்கும் துண்டுக்கு வருவது இன்னும் குறையும். பட்டினி கிடந்த துண்டு முழுதும் செத்துவிட்டதா, கொஞ்சம் உயிர் இருக்கிறதா என்று எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். இருந்தது.

கூடாத முறிவின் நடுவில் சேர்ந்திருந்த நார்த்திசுவைச் சுரண்டி எடுத்து, இரண்டு பக்கமும் ரத்தம் கசியும் எலும்பு வரும்வரை சுத்தம் செய்தார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்ப என் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து ஒரு துண்டு எலும்பு எடுத்தார்கள். ஏன் என் எலும்பையே எடுக்க வேண்டும், வேறு ஏதாவது அடைக்கக் கூடாதா என்று கேட்டிருந்தேன். "அடைக்கிறதுக்கு மட்டும்னா எதையாவது வைக்கலாம். இதுல உயிருள்ள செல் இருக்கு, எலும்பை வளரச் சொல்ற புரதம் இருக்கு, ஏறி வளர்றதுக்குச் சாரமும் இருக்கு. மூணும் உங்க எலும்புலதான் ஒண்ணா கிடைக்கும்" என்றார். இடுப்பெலும்பின் உட்பகுதி கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது. பெரியவர்களுக்கு ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் சிவப்பு மஜ்ஜை மிஞ்சியிருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகள் மற்றவை. உடம்பு ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குவது இந்தப் பஞ்சுக்குள் இருந்துதான். முதல் ஒரு வாரம் மணிக்கட்டைவிட இடுப்புதான் அதிகம் வலித்தது. இடுப்பிலிருந்து எலும்பு எடுக்கப்போகிறார்கள் என்றால் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. படியேற, இரும, படுக்கையில் புரள எல்லாவற்றிலும் அது தெரியும்.

வைத்த எலும்பை அசையாமல் பிடிக்க ஒரு திருகு. 1984-இல் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் டிமோதி ஹெர்பர்ட் அறிமுகப்படுத்திய வகை. அதன் சூட்சுமத்தை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. திருகுக்குத் தலை கிடையாது, அதனால் மூட்டில் உரசாமல் எலும்புக்குள்ளேயே புதைந்துவிடும். இரண்டு முனையிலும் மரை இருக்கும், ஆனால் மரையின் இடைவெளி ஒரே அளவு அல்ல. முன்முனை ஒரு சுற்றுக்கு அதிகம் முன்னேறும், பின்முனை குறைவாக முன்னேறும். இரண்டும் ஒரே கம்பியில் இருப்பதால், திருகத் திருக இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு நெருங்கும்.

கட்டோடு இருந்த 12 வாரம் நீளமானவை. என் கையில் இருந்தது மாவுக்கட்டு அல்ல, அதன் வாரிசான ஃபைபர் கட்டு. மாவுக்கட்டை 1852-இல் பரவலாக்கியவர் அந்தோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். முதல் சில நாள் கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தியே வைத்திருக்கச் சொன்னார்கள். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். விரல் நீலமாகவோ வெளுத்தோ போனாலும், மரத்துப்போனாலும், மருந்துக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போனாலும் காலைவரை காத்திருக்காமல் அந்த நேரமே வரவேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். கட்டு இறுகி ரத்தம் நின்றால் தசை சில மணி நேரத்தில் கெட்டுவிடும். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. ஆனால் கட்டுப் போட்டுக்கொண்ட யாரைப் பார்த்தாலும் இந்த வரியை நானும் மூன்று முறை சொல்கிறேன்.

12-ஆவது வாரம் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். கோட்டின் குறுக்கே எலும்பு பாலம் கட்டியிருந்தது. மருத்துவர் திரையில் விரலை வைத்து, "கூடிடுச்சு" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

கட்டைப் பிரித்தபோது என் கை எனக்கே அடையாளம் தெரியவில்லை. முன்கை மெலிந்து, தோல் உரிந்து, மணிக்கட்டு மேலும் கீழும் சில டிகிரிதான் அசைந்தது. அன்றைய எக்ஸ்ரேயில் படகெலும்பு மட்டுமல்ல, முறியாத எலும்புகளும்கூட வெளிறித் தெரிந்தன. வேலை கொடுக்காமல் வைத்திருந்த மூன்று மாதத்தில் அவை தாதுவை இழந்திருந்தன. எலும்புக் குழிகளுக்குள் அடைபட்டிருக்கும் ஆஸ்டியோசைட் என்னும் செல்கள், எலும்பு சுமையில் வளையும்போது நுண்கால்வாய்களில் நகரும் திரவத்தை உணர்கின்றன. சுமை வந்தால் 'கட்டு' என்றும், வராவிட்டால் 'கரை' என்றும் அவற்றிடமிருந்து செய்தி போகிறது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்ப உருமாறும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். டென்னிஸ் ஆடுபவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பின் தாது அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. இதையெல்லாம் படித்திருந்தேன். என் கையில், என் எக்ஸ்ரேயில் பார்த்தது வேறு.

பிசியோதெரபி ஐந்து மாதம். முதல் மூன்று வாரம் வெறும் அசைவு: வெதுவெதுப்பான நீருக்குள் கையை வைத்து மேலே, கீழே, பக்கவாட்டில். பிறகு ஈரத்துணி பிழிவது, பந்தை அழுத்துவது, அரைக் கிலோ எடை, ஒரு கிலோ. கடைசியில் சுவரை ஊன்றித் தள்ளுவது, மேசையை ஊன்றுவது, தரையை ஊன்றுவது. தரையில் உள்ளங்கையை வைக்கும்போது விழுந்த நாள் நினைவு வந்து கை பின்வாங்கும். வலி இருந்தால் நிறுத்த வேண்டும், இறுக்கம் இருந்தால் தொடர வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து அறியக் கற்றுக்கொண்டதுதான் அந்த ஐந்து மாதத்தின் பெரிய வேலை. கூர்மையாக ஓரிடத்தில் குத்தினால் அது வலி. பரவலாக இழுத்துப்பிடித்தால் இறுக்கம்.

அடுத்த வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதே மாதிரி, கையை ஊன்றி. அம்மாவுக்கு 63 வயது. குழியில் அழுத்தினேன், வலிக்கவில்லை. உடைந்தது அதற்குச் சற்று மேலே, முன்கையின் ரேடியஸ் எலும்பின் கீழ்முனை. கை கவிழ்த்து வைத்த முள்கரண்டிபோல் வளைந்து நின்றது. டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை 1814-இல் விவரித்தார். எக்ஸ்ரே கதிர்களை ரான்ட்ஜென் கண்டுபிடித்தது 1895-இல். எந்தப் படமும் இல்லாத காலத்தில், 81 வருடத்துக்கு முன்னாலேயே, கண்ணாலும் விரலாலும் மட்டும் அறிந்து அவர் எழுதியதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒரே மாதிரி விழுந்தாலும் வயதுக்கு வயது உடையும் இடம் மாறுகிறது. சிறு பிள்ளைகளின் எலும்பில் வளைந்துகொடுக்கும் தன்மை அதிகம். பச்சைக் கிளையை மடக்கினால் ஒரு பக்கம் மட்டும் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்பதுபோல் முன்கை எலும்பு பாதி முறியும். அல்லது எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தகடு நகரும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எட்டு எலும்பில் ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் இன்னும் குருத்தெலும்பு. படகெலும்பில் தாது படியத் தொடங்குவதே ஐந்தாறு வயதில்தான். இளவயதில் ரேடியஸ் உறுதியாக இருப்பதால் விசை படகெலும்புக்குப் போகிறது. வயதாகி ரேடியஸின் முனை நைந்திருந்தால் அதுவே முதலில் நொறுங்குகிறது.

அம்மாவுக்கு எலும்பை நேராக்கிக் கட்டுப் போட்டார்கள், ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ரத்தம் தாராளமாக ஓடும் இடம். எல்லாரும் அத்தோடு முடிந்தது என்றார்கள். நான் விடவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஓர் எலும்பு உடைகிறது என்றால், அதுவும் 50 வயதுக்கு மேல், எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு உடைந்தது முதல் எச்சரிக்கை. அடுத்தது முதுகெலும்போ இடுப்பு மூட்டோ ஆனால் எழுந்து நடப்பதே கேள்வியாகிவிடும். "ஏம்பா, கைதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு ஸ்கேன்?" என்றார் அம்மா. கூட்டிக்கொண்டு போனேன். டெக்ஸா ஸ்கேன், படுத்தபடி சில நிமிடம், ஊசி இல்லை, வலி இல்லை. மதிப்பெண் மைனஸ் 2.7 என்று வந்தது. மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை.

உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது. மீதி ஒரு சதவீதம் ரத்தத்திலும் செல்களிலும். இதயம் துடிக்க, தசை சுருங்க, ரத்தம் உறைய அந்த ஒரு சதவீதம்தான் வேண்டும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுக்கச் சொல்லிவிடும். எடுப்பதும் போடுவதும் வாழ்நாள் முழுக்க நடக்கிறது. பெரியவர்களின் எலும்பில் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. 30 வயதையொட்டி இருப்பு உச்சத்தில் இருக்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எடுப்பது மிஞ்சும், போடுவது பின்தங்கும். அம்மாவுக்கு அது நின்று 14 வருடம் ஆகியிருந்தது.

கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்து, கரைக்கும் செல்களை மட்டுப்படுத்தும் வாராந்தர மாத்திரை ஒன்றும் எழுதினார்கள். அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதில் கண்டிப்பு வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் சாதாரணத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். வேறு எதனோடாவது சேர்த்து விழுங்கினால் உடம்பில் சேராது. பல் பிடுங்கும் வேலை ஏதாவது இருந்தால் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மாத்திரையோடு நடை, படியேறுதல், ஒற்றைக்காலில் நின்று பழகுதல். குளியலறையில் கைப்பிடி பொருத்தினேன். இரண்டு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் மைனஸ் 2.3.

வகுப்பில் நான் இப்போது 206-இல் தொடங்குவதில்லை. "பெருவிரலைத் தூக்குங்க" என்று தொடங்குகிறேன். 40 கைகள் உயரும். குழியைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். அதன் அடியில் விரலை வைத்து, அங்கே துடிக்கும் நாடியையும் தேடச் சொல்வேன். படகெலும்புக்கு ரத்தம் கொண்டுபோவது அந்தத் தமனியின் கிளைதான். சிலருக்கு உடனே அகப்படும், சிலருக்கு நேரமாகும், அகப்பட்டதும் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக் கூட்டை உள்ளே கொண்டுவருவேன்.

போன வருடம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கைப்பந்து ஆடும்போது கையை ஊன்றி விழுந்தான். மைதானத்திலிருந்து நேரே என்னிடம் வந்து, "சார், அந்தக் குழியில வலிக்குது" என்றான். அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். முதல் படம் சுத்தமாகத்தான் வந்தது. ஆனாலும் பெருவிரலோடு சேர்த்துக் கட்டுப் போட்டு, மறுபடத்துக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். 12-ஆம் நாள் எடுத்த படத்தில் படகெலும்பின் இடுப்பின் குறுக்கே மெல்லிய கோடு தெரிந்தது. துண்டுகள் விலகவில்லை. எட்டு வாரம் அவன் இடது கையால் பரீட்சைக் குறிப்பு எழுதினான். ஒன்பதாவது வாரம் கட்டைப் பிரித்து, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார்கள். கோடு இல்லை.